மண்ணில் தங்கிய நஞ்சும் அம்மண்ணின் செடிகளும்

மாசுபட்ட நிலத்தைச் செடிகளைக் கொண்டே தூய்மையாக்கிவிடலாம் என்ற செய்தி அவ்வப்போது நம் கண்ணில் படுகிறது. சூரியகாந்தி கதிரியக்கத்தை உறிஞ்சும், கடுகு ஈயத்தை இழுக்கும், வெட்டிவேர் ஆலைக் கழிவை வடிகட்டும் என்று இச்செய்திகள் சொல்பவற்றில் உண்மை உண்டு. ஆனால் எந்த மண்ணில், எந்த நஞ்சை, எவ்வளவு காலத்தில் என்ற விவரங்கள் இல்லாததால் அந்த உண்மை அரைகுறையாகவே நம்மை வந்து சேர்கிறது. தாவரவழிச் சீரமைப்பு எனப்படும் இம்முறையை அறிந்துகொள்ள விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: செடி வளர்ந்து முடிந்த பிறகு அந்த நஞ்சு எங்கே இருக்கிறது? எந்தச் செடியை நடுவது, அது உள்ளூர்ச் செடியாக இருக்க வேண்டுமா, அறுவடை செய்ய வேண்டுமா, தொடாமல் விட்டுவிட வேண்டுமா என்பவை எல்லாம் இக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே முடிவாகின்றன.

சிதையும் நஞ்சு, சிதையாத நஞ்சு

மண்ணில் சேரும் மாசுகளில் ஒரு பிரிவு டீசல், கச்சா எண்ணெய், நிலக்கரித் தார், பல பூச்சிக்கொல்லிகள் போன்ற கரிமப் பொருள்கள். இவை பல அணுக்கள் கோத்த மூலக்கூறுகள். அந்தக் கோவை முழுவதுமாக உடைந்துவிட்டால் நஞ்சும் முடிந்துவிடும். மிஞ்சுபவை பெரும்பாலும் கரியமில வாயுவும் நீருமே. இந்த உடைப்பு வேலையை முக்கியமாகச் செய்பவை வேரைச் சூழ்ந்து வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். செடியின் பங்கு அவற்றுக்குச் சோறு போடுவதுதான். இலையில் உருவான சர்க்கரையிலும் கரிம அமிலங்களிலும் ஒரு பகுதியைச் செடி வேர் வழியே மண்ணில் கசியவிடுகிறது. அந்த உணவை நம்பி, வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் நுண்ணுயிர்கள் வெற்று மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகுகின்றன. அமெரிக்கப் பிரெய்ரி சமவெளிக்குரிய எட்டு வகைப் புற்களை வைத்து நடத்தி 1990இல் வெளியிடப்பட்ட ஒரு சோதனையில், தாரிலும் எண்ணெய்க் கழிவிலும் காணப்படும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் புல் வளர்ந்த மண்ணில் வெற்று மண்ணைவிட அதிகமாகக் குறைந்தன. இந்த வகை மாசைப் பொறுத்தவரை, நம் கேள்விக்கான பதில் மகிழ்ச்சியானது: நஞ்சு இல்லாமலே போகிறது.

ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றின் நிலை வேறு. இவை தனிமங்கள். எந்த நுண்ணுயிரும் எந்த வேரும் ஈயத்தை ஈயம் அல்லாத ஒன்றாக மாற்ற முடியாது. இன்று மண்ணில் விழுந்த ஈயம் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் ஈயமே. அது இருக்கும் இடத்தை மாற்றலாம், அல்லது அது நீரில் கரையும் வடிவத்தில் இருக்கிறதா, கரையாத வடிவத்தில் இருக்கிறதா என்பதை மாற்றலாம். ஆகவே உலோக மாசுக்குச் செடிகளால் செய்யக்கூடியவை முக்கியமாக இரண்டு. உலோகத்தை மண்ணிலிருந்து தண்டுக்கும் இலைக்கும் ஏற்றி, அந்தச் செடியை அறுத்து அப்புறப்படுத்துவது ஒன்று. உலோகத்தை வேரடியிலேயே பூட்டி, காற்றில் பறக்காமலும் மழைநீரில் அடித்துச் செல்லப்படாமலும் நிறுத்துவது மற்றொன்று. நாளிதழ்களில் இடம்பெறுவது பெரும்பாலும் முதலாவது. நடைமுறையில் பெரும் பரப்புகளைக் காப்பாற்றியது இரண்டாவது என்பதே என் கருத்து. உள்ளூர்ச் செடிகளின் உண்மையான பலம் தெரிவதும் அங்கேதான்.

மேலே ஏற்றும் செடிகள்

வேர் ஒரு தனிமத்தை உள்ளே எடுத்துக்கொள்வது அத்தனிமம் நல்லதா கெட்டதா என்று ஆராய்ந்து அல்ல. செடிக்குத் துத்தநாகம் சிறிதளவு தேவை; வேதியியலில் துத்தநாகத்தின் நெருங்கிய உறவான காட்மியம் அதே வாயில் வழியாக நுழைந்துவிடுகிறது. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட், செடிக்கு இன்றியமையாத பாஸ்பேட்டைப் போலவே வடிவம் கொண்டிருப்பதால் பாஸ்பேட் செல்லும் பாதையில் உள்ளே போகிறது. சீசியம் பொட்டாசியத்தின் வேடத்தில் நுழைகிறது. பெரும்பாலான செடிகள் இவ்வாறு நுழைந்தவற்றை வேரிலேயே தடுத்து வைக்கின்றன. மிகச் சில செடிகள் மட்டும் இதற்கு நேர்மாறாக, உலோகத்தை விரைந்து மேலே அனுப்பி, இலைச் செல்லின் நடுவே உள்ள நீர்ப்பையில் சேமித்து வைக்கின்றன. பூச்சிகளுக்கும் நோய்க்கிருமிகளுக்கும் எதிரான பாதுகாப்பாக இச்சேமிப்பு பயன்படுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இத்தகைய மிகைசேர்ப்புத் தாவரங்கள் உலகில் ஏறக்குறைய 700 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நிக்கலைச் சேர்ப்பவை. இவற்றுள் வியப்பானது பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காட்டு மரம் ஒன்று. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடிகிறது; உலர்ந்த பாலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல் என்று 1976இல் அறிவிக்கப்பட்டது. மலேசியாவின் சபா மாநிலத்தில் நிக்கல் மிகுந்த மண்ணில் இயல்பாக வளரும் ஒரு குறுமரம் நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் நெருங்கிய சொந்தம். மூன்றும் ஒரே பேரினம். அந்தக் குறுமரத்தைப் பயிராக வளர்த்து வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து நிக்கலைப் பிரித்தெடுக்கும் சோதனைகள் நடந்துள்ளன. ஆனால் அது மாசை அகற்றும் பணி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணில் நிக்கல் இயற்கையாகவே உள்ளது. நடப்பது ஒருவகைச் சுரங்கத் தொழில்.

மாசு அகற்றலுக்கு நேரடியாகப் பொருந்தும் கண்டுபிடிப்பு 2001இல் வந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மரங்களுக்குப் பூச்சி அரிக்காத மருந்து ஏற்றிய ஒரு பழைய ஆலையின் மண் ஆர்சனிக்கால் கெட்டிருந்தது. அங்கே செழித்திருந்த ஒரு பெரணிச் செடியை ஆய்வு செய்தபோது, அது ஆர்சனிக்கை இலையில் மிகப் பெரிய அளவில் சேர்ப்பது தெரிந்தது. சோதனைத் தொட்டிகளில் இலையின் உலர் எடையில் ஆர்சனிக் 2 சதவீதத்தையும் தாண்டியது. புளோரிடாவுக்கு அது வந்தேறி. நமக்கோ அது சொந்தச் செடி; சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மதில்களின் இடுக்கிலும் கிணற்றுச் சுவர்களிலும் இந்தியா முழுவதும் தானாகவே முளைப்பது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இத்துறையின் பல வாக்குறுதிகள் இந்தக் கணக்கில்தான் சரிகின்றன. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 2,600 டன். அதில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது, அதை 400ஆகக் குறைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அகற்ற வேண்டிய ஈயத்தின் அளவு 260 கிலோ. ஒரு பயிர் ஹெக்டேருக்கு 10 டன் உலர் எடை தருகிறது என்றும், அதன் தண்டிலும் இலையிலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறுகிறது என்றும் தாராளமாகவே கொள்வோம். ஒரு அறுவடையில் வெளியேறுவது 1 கிலோ. ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தாலும் 130 ஆண்டுகள் ஆகும். ஈயம் மண் துகளை இறுகப் பற்றிக்கொள்ளும் உலோகம் என்பதால், மேலே கொண்ட 100 மில்லிகிராம்கூட சாதாரண நிலையில் எளிதில் கிடைக்காது.

இந்தக் கணக்கை மாற்றத்தான் 1990களில் ஒரு குறுக்குவழி முயலப்பட்டது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கடுகுச் செடியை அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில் ஈயம் கலந்த தொழிற்சாலை நிலத்தில் வளர்த்தனர். செடி நன்கு வளர்ந்ததும் இடிடிஏ என்ற வேதிப்பொருளை மண்ணில் ஊற்றினர்; அது மண்ணிலிருந்து ஈயத்தைப் பிரித்து நீரில் கரைய வைக்கும். கடுகு முன்பைவிடப் பன்மடங்கு ஈயத்தை ஏற்றியது உண்மை. ஆனால் கரைந்த ஈயம் முழுவதையும் வேர் பிடித்துவிடுவதில்லை. எஞ்சியது மழைநீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரை எட்டக்கூடும். இடிடிஏவும் மண்ணில் விரைவில் சிதையாது. அசையாமல் கிடந்த நஞ்சை அசைய வைத்ததுதான் மிச்சம் என்ற அச்சம் வலுத்ததால் அந்த வழியின் மீதிருந்த ஆர்வம் வடிந்துபோனது. கடுகு ஈயத்தை உறிஞ்சும் என்று இன்றும் எழுதுபவர்கள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சூரியகாந்தியின் கதையும் இப்படியே. 1990களில் செர்னோபிலுக்கு அருகே ஒரு குளத்தில் மிதவைகளில் சூரியகாந்தியை வளர்த்து, நீரில் தொங்கும் வேர்களால் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிடித்தார்கள், பலன் கிடைத்தது. 2011இல் புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் ஜப்பானில் வயல்களில் சூரியகாந்தி விதைக்கப்பட்டது. அங்கே மண்ணில் இருந்த சீசியத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கைத்தான் செடி எடுத்தது என்று அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் சோதனை காட்டியது. செடி ஒன்றுதான். நீரில் சீசியம் விடுதலையாக இருந்தது. வயலில் அது களிமண் தகடுகளுக்கு இடையே சிக்கிக்கொண்டிருந்தது. மேல்மண்ணைச் சில சென்டிமீட்டர் சுரண்டி எடுப்பதே அங்கு கைகொடுத்தது.

இருந்த இடத்திலேயே பூட்டுவது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பால்மர்ட்டன் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1898இல் தொடங்கி 1980 வரை துத்தநாகம் உருக்கினார்கள். உலைப் புகையில் வந்த கந்தக டை ஆக்சைடு எதிரே இருந்த புளூ மவுன்டன் மலைச்சரிவின் மரங்களைக் கொன்றது. புகையோடு வந்த துத்தநாகமும் காட்மியமும் ஈயமும் மண்ணில் படிந்து, புதிதாக எதுவும் முளைக்க விடாமல் செய்தன. வேர்ப்பிடிப்பு இழந்த மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போயிற்று. ஏறக்குறைய 2,000 ஏக்கர் மலை பாறையும் சரளையுமாக நின்றது. செத்து விழுந்த மரங்கள் பல ஆண்டுகளாக மக்காமல் அப்படியே கிடந்தன. மக்க வைக்கும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும்கூட அந்த மண்ணில் பிழைக்க முடியவில்லை. 1983இல் நாட்டின் மிக மோசமான மாசுத் தளங்களின் பட்டியலில் அவ்விடம் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு பெரிய, செங்குத்தான சரிவில் மண்ணைத் தோண்டி அகற்றுவது நடவாத காரியம். 1990களில் மலையின் ஒரு பகுதியில் சாக்கடைக் கசடும் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பிப் பார்த்தார்கள். பின்னர், லீஹை கேப் இயற்கை மையம் என்ற உள்ளூர் அமைப்பு மலையின் ஏறக்குறைய 750 ஏக்கரைப் பெற்று, 2003இல் சோதனைப் பாத்திகளில் வேறு வழியை முயன்றது. அவர்கள் தேர்ந்தெடுத்தவை அந்நாட்டுக்கே உரிய பிரெய்ரி புற்கள்: லிட்டில் புளூஸ்டெம், பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் முதலியவை. கடும் வெயிலில் சிறப்பாக வளரும், ஆழமாக வேர்விடும், சத்தில்லாத வறண்ட மண்ணிலும் நிற்கும் புற்கள் இவை; வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகளின் உதவியால் அரிதான பாஸ்பேட்டையும் தேடிக்கொள்ளும். சோதனை வெற்றி பெற்றதும், ஏற முடியாத சரிவுகளில் பயிருக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானங்களைக் கொண்டு விதையையும் சுண்ணாம்பையும் உரத்தையும் தூவினார்கள். சில ஆண்டுகளில் மலை இடுப்பளவு புல்லால் மூடியது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்தப் புற்கள் எந்தத் தகுதியால் தேர்வாயின என்பதே. அவை உலோகத்தை உறிஞ்சுபவை என்பதால் அல்ல. இலைக்கு ஏற்றாதவை என்பதால். மலையில் தானாகவே முளைத்த பிர்ச், பாப்ளர் வகை மரங்களும் அந்நாட்டுச் செடிகளே, நஞ்சைத் தாங்கி வளர்பவையே. ஆனால் அவை துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இலைக்குக் கொண்டுபோகின்றன. இலையுதிர் காலத்தில் அந்த இலைகள் விழுந்து, ஆழத்தில் கிடந்த உலோகத்தை மேல்மண்ணில் மறுபடியும் பரப்புகின்றன. இலையைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் பறவை என்று அது மேலும் செல்கிறது. ஆகவே புல்வெளிக்குள் அத்தகைய மரங்கள் பெருகாமல் அவர்கள் களைந்து வருகிறார்கள். புல் ஆண்டுதோறும் மக்கிப் புதிய மேல்மண்ணை உண்டாக்குகிறது. பழைய நஞ்சு மண் அதற்கடியில் புதைகிறது. நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கும் காற்றுக்கும் இலைக்கும் போகாமல் இருக்கிறது.

இதுபோன்ற இடங்களில் ஏன் உள்ளூர்ச் செடி? பூட்டு என்றென்றும் கழலாமல் இருக்க வேண்டும் என்பது முதற்காரணம். மேலே ஏற்றும் செடி ஒரு பயிர். அதற்கு நீர் பாய்ச்சி, உரமிட்டு, அறுத்து, மீண்டும் விதைக்க ஆள் இருப்பார்கள். பூட்டும் செடி, திட்டமும் நிதியும் முடிந்து அனைவரும் வீட்டுக்குப் போன பிறகும், அடுத்த வறட்சியையும் அதற்கடுத்த பெருமழையையும் தனியாகவே தாங்கி நிற்க வேண்டும். அவ்வட்டாரத்தின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய செடியைத் தவிர வேறொன்றை நம்பி அந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

இரண்டாவது காரணம் வேல்ஸ் நாட்டின் பழைய சுரங்கங்களிலிருந்து தெரியவந்தது. அங்கே ஈய, செம்புச் சுரங்கக் கழிவு மேடுகளில், பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் அதே சாதாரணப் புல் வளர்ந்திருப்பதைத் தாவரவியலாளர் ஏ. டி. பிராட்ஷா 1950களிலிருந்து ஆராய்ந்தார். மேய்ச்சல் நிலத்துப் புல்லின் விதையைச் சுரங்க மண்ணில் தூவினால் ஆயிரத்தில் சிலவே பிழைக்கும். அந்தச் சில செடிகள் நஞ்சைத் தாங்கும் தன்மையைப் பிறவியிலேயே பெற்றவை; அவற்றின் சந்ததிதான் மேட்டை நிரப்புகிறது. சில மீட்டர் இடைவெளியில், ஒரே இனப் புல், தாங்கும் வகையாகவும் தாங்காத வகையாகவும் பிரிந்து நின்றது. பின்னர் அம்மேடுகளிலிருந்தே விதை சேகரித்து, செம்புக் கழிவுக்கு ‘பாரிஸ்’, அமிலத் தன்மையுள்ள ஈயக் கழிவுக்கு ‘கோகினான்’, சுண்ணாம்புள்ள ஈய-துத்தநாகக் கழிவுக்கு ‘மெர்லின்’ என்று மூன்று விதை ரகங்கள் விற்பனைக்கே வந்தன. முதல் இரண்டும் சுரங்கங்களின் பெயர்கள். உள்ளூர்ச் செடி என்று சொல்லும்போது இனத்தை மட்டும் பார்ப்பது போதாது, அந்த விதை எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

அயல்நாட்டுச் செடியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஒரு பாடம். நிக்கலை எடுப்பதற்காக அங்கே 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து மஞ்சள் பூப்பூக்கும் அலிசம் செடியைக் கொண்டுவந்து பயிரிட்டார்கள். அதன் விதை வயலைத் தாண்டி, அரிய உள்ளூர்ச் செடிகள் வாழும் நிக்கல் மண் பகுதிகளில் பரவிற்று. மாநில அரசு அதைத் தீங்கு தரும் களைகளின் பட்டியலில் சேர்த்து ஒழிக்க வேண்டியதாயிற்று. அதே பேரினச் செடிகளை அவை இயல்பாகவே வளரும் அல்பேனியாவில் பயிரிடும்போது இந்தச் சிக்கல் எழவில்லை.

பாலாற்றிலும் நொய்யலிலும்

நம் பக்கத்து நிலவரம் என்ன? வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை, உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு பதிவு செய்துள்ளது. இங்கே குரோமியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருப்பதைப் பிரித்தறிய வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. அது மண்ணில் எளிதில் கரைவதில்லை, வேருக்குள்ளும் அதிகம் போவதில்லை. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் விட்டுச்செல்லப்பட்ட, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவில் இருப்பது குரோமியம்-6. அது நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும், புற்றுநோயை உண்டாக்கும். அத்தகைய கழிவுக் குவியலில் எந்தச் செடியையும் நட்டுப் பயனில்லை. அதை அகற்றவோ, மூடிக் காப்பிடவோ, வேதிமுறையில் குரோமியம்-3ஆக மாற்றவோதான் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மெலிதாகப் பரவிய மாசுக்குத்தான் செடிகள். அங்கும்கூட, தொழுவுரமும் மக்கும் மண்ணில் கலந்தால் குரோமியம்-6 மெல்ல குரோமியம்-3ஆக மாறுகிறது என்பதால், செடிக்கு முன்னால் போக வேண்டியது எருவண்டிதான்.

தோல் கழிவு பாய்ந்த வயலில் பயிரை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் குரோமியமும் அல்ல, உப்பு. தோலைக் கெடாமல் வைக்கச் சேர்த்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் வந்துவிடுகிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு பாய்ந்த நொய்யல் கரையிலும், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழும் இதே கதை. உப்பு மண்ணுக்கு உள்ளூர்ச் செடிகள் உண்டு. நம் கடற்கரைக் கழிகளில் வளரும் உமரி அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் நடத்தி 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வகை உப்புத்தாங்கிச் செடிகளை உவர் நிலத்தில் வளர்த்துப் பார்த்தபோது உமரி முதலிடம் பெற்றது. நான்கு மாதத்தில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 500 கிலோ உப்பை அது எடுத்துவிடும் என்று கணக்கிட்டார்கள். இதை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு பயிருக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால், ஹெக்டேரில் வந்து இறங்குவது 15,000 கிலோ உப்பு. வரவு நிற்காதவரை உமரியால் ஒன்றும் ஆகாது. மாசு வந்துகொண்டே இருக்கும் நிலத்தில் செடி நட்டு விழா எடுப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

வெட்டிவேர் நம் மண்ணின் புல். உலகெங்கும் சுரங்கக் கழிவு மேடுகளையும் சரிவுகளையும் பிடித்து நிறுத்த அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். வேர் மூன்று மீட்டருக்கும் கீழே நேராக இறங்கும். பயிரிடப்படும் தென்னிந்திய வகைகள் விதை வைத்துப் பரவுவது அரிது. ஆர்சனிக், காட்மியம், குரோமியம் ஆகியவற்றில் மிகச் சிறு பங்கைத்தான் அது இலைக்கு ஏற்றும். பூட்டுவதற்கு இதைவிட நல்ல புல் கிடைப்பது கடினம். ஆனால் அந்நிய நாட்டு வழிகாட்டி நூல்கள் கவலைப்படாத ஓர் ஆபத்து நமக்கு இதில் உண்டு. நாம் வெட்டிவேரை வளர்ப்பதே வேருக்காக. பானைத் தண்ணீரில் போடுகிறோம், தட்டி பின்னுகிறோம், தைலம் எடுக்கிறோம், மருந்தில் சேர்க்கிறோம். மாசு மண்ணில் வளர்ந்த வெட்டிவேரில் நஞ்சு தங்கியிருப்பது சரியாக அந்த வேரில்தான். அத்தகைய நிலத்தில் நட்டதைத் தோண்டி விற்க வழியில்லாதபடி செய்யாவிட்டால், ராணிப்பேட்டையின் குரோமியம் யார் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கும் போய்ச் சேரலாம்.

ஆடும் விறகும் இதே வகைச் சிக்கல்கள். அமெரிக்க மலைச்சரிவில் வேலி போட்டால் முடிந்தது. நம்மூரில் பச்சையாக எது தெரிந்தாலும் அங்கே ஆடு போகும், காய்ந்த குச்சி எதுவாயினும் அடுப்புக்குப் போகும். தோல் கழிவு மண்ணில் சீமைக்கருவேலம் செழித்து வளர்வதைக் காட்டி, அதையே சீரமைப்புச் செடியாகக் கொள்ளலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அது நஞ்சைத் தாங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் காயை ஆடு தின்னும், கட்டை கரியாகும், விதை எங்கும் பரவும். மூன்றும் பூட்டைத் திறக்கும் வேலைகள். அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் நம் மண்ணுக்குரியவை, பிரெய்ரி புற்களைப் போலவே கடும் வெயிலில் சிறப்பாக வளரும் வகையைச் சேர்ந்தவை. அருகம்புல் சீனாவின் ஈயச் சுரங்கக் கழிவுகளில்கூட வேரூன்றியிருக்கிறது. மேய்ச்சலைத் தடுக்க முடிந்த இடத்தில் நான் முதலில் இவற்றையே சோதித்துப் பார்ப்பேன்.

சோதிப்பது எப்படி என்பதும் கடினமானது அல்ல. மாசு மண்ணில் மொத்தமாக எவ்வளவு உலோகம் உள்ளது என்பதோடு, அதில் எவ்வளவு கரையும் நிலையில் உள்ளது, எவ்வளவு ஆழம் வரை உள்ளது, மண் அமிலமா காரமா என்பவற்றையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டும். சுண்ணாம்பு இட்டால் துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவை அடங்கும். ஆர்சனிக்கோ கூடுதலாகக் கரையக்கூடும் என்பதால் நஞ்சின் பெயர் தெரியாமல் எதையும் கொட்டக் கூடாது. பிறகு அந்த நிலத்திலேயே, மோசமான பகுதியில் தானாக நின்று பிழைத்திருக்கும் உள்ளூர்ப் புற்களின் விதையையோ கரணையையோ எடுத்து, அதே மண்ணை நிரப்பிய தொட்டிகளில் ஒரு பருவம் வளர்க்க வேண்டும். சில தொட்டிகளில் மண்ணை அப்படியே விட்டும், சிலவற்றில் மக்கு கலந்தும் வளர்த்தால் எரு எவ்வளவு உதவுகிறது என்பதும் தெரிந்துவிடும். பருவ முடிவில் இலையையும் வேரையும் தனித்தனியே கழுவி, உலர்த்தி, தனித்தனிப் பைகளில் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். வேரில் உலோகம் மிகுந்து, இலையில் கால்நடைத் தீவனத்துக்கான வரம்புக்குக் கீழே இருக்கும் செடி பூட்டுவதற்கு உரியது. இலையில் மண்ணைவிட மிகுந்திருக்கும் செடியை நடுவதென்றால், அறுத்த இலையை எங்கே கொண்டுபோய் எரிப்பது, அந்தச் சாம்பலை எந்த அபாயக் கழிவுக் கிடங்கு ஏற்றுக்கொள்ளும் என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.